தோளில் நிற்க வேண்டிய கோட்டு: அவாங்கார்ட் தையல் ஆடைகளை வாங்கி உடுத்திய அனுபவம்

ஆண்களுக்கான கோட்டுக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு என்று பலரும் நம்புகிறார்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் தோள் தையலும் முடிய வேண்டும், மார்பில் துணி இழுக்கவும் கூடாது தொங்கவும் கூடாது, மணிக்கட்டில் சட்டையின் விளிம்பு சிறிதளவு தெரிய வேண்டும் என்பன அந்த அளவுகோலின் விதிகள். நல்ல விதிகள்தான், வழக்கமான சூட்டை வாங்குபவருக்கு இவற்றுக்கு மேல் அதிகம் தேவைப்படாது. ஆனால் ஜப்பானிய வடிவமைப்பாளர் யோஜி யமமோட்டோவின் அகன்ற கோட்டு ஒன்றையோ, அமெரிக்க வடிவமைப்பாளர் ரிக் ஓவன்ஸின் ஒடுங்கிய நீளக்கைக் கோட்டு ஒன்றையோ மாட்டிக்கொண்டு நின்றால் இவற்றில் பாதி செல்லாது. தோள் தையல் எலும்பைத் தாண்டி இறங்கியிருக்கும், கை விரல்கள் வரை நீண்டிருக்கும், இடப்பக்க விளிம்பு வலப்பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கும். விதிகள் செல்லாத இடத்தில் எதை நம்பி வாங்குவது என்பதுதான் வழக்கமான வடிவத்தை மீறும் இந்த அவாங்கார்ட் ஆடைகளின் பக்கம் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மறுபடி மறுபடி கேட்கும் கேள்வி. பல ஆண்டுகளாக இவற்றை வாங்கியும் உடுத்தியும், உடுத்த முடியாதவற்றை விற்றும் வந்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆடையின் விசித்திரம் அதன் தையலிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். சாதாரணக் கோட்டின் மேல் கொண்டுவந்து ஒட்டியதாக இருக்கக் கூடாது. நான் வாங்கும் ஒவ்வொன்றையும் இந்த ஒரே கேள்வியைக் கொண்டுதான் தீர்மானிக்கிறேன். தேவையில்லாத வார், தொங்கும் ஜிப், திறக்காத பை, முதுகில் அச்சிட்ட வாசகம் ஆகியவற்றை மனத்தால் நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது கடைவீதியில் எங்கும் கிடைக்கும் கோட்டாக இருக்குமானால், அதற்காக அத்தனை பணம் கொடுப்பதில் பொருளில்லை. மாறாக, நீக்குவதற்கு எதுவுமே இல்லாமல், முதுகுத் துண்டும் கையும் ஒரே துணியாக வெட்டப்பட்டிருப்பதாலேயோ, பக்கத் தையல் அக்குளிலிருந்து முன்பக்கமாகச் சாய்ந்து வந்திருப்பதாலேயோ அந்தக் கோட்டு வேறுவிதமாக விழுமானால், அங்கே ஒரு வெட்டுக்காரரின் மூளை வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தாலும் இது விளங்கும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானி 1970களில் கோட்டின் உள்ளே இருந்த திண்டுகளையும் விறைப்பான அடுக்குகளையும் குறைத்து, கோட்டைச் சட்டைபோல் உடம்பில் விழ வைத்தார். யமமோட்டோவும் இன்னொரு ஜப்பானிய வடிவமைப்பாளரான ரெய் கவகுபோவும் 1981இல் பாரிஸில் தங்கள் ஆடைகளைக் காட்டியபோது பேசப்பட்டது அவற்றின் கறுப்பும் ஓட்டைகளும்தான் என்றாலும், நிலைத்து நின்றது உடம்புக்கும் துணிக்கும் நடுவே அவர்கள் விட்ட இடைவெளி. 1984இல் இருவரும் ஆண்களுக்கான ஆடைகளையும் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். யமமோட்டோ சட்டம் படித்தவர். ஆனால் தையற்கடை நடத்திய தாயிடம் வேலை பார்த்து, பின்னர் டோக்கியோவின் புன்கா பேஷன் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். கவகுபோ தையல் பயிலாதவர்; நுண்கலையும் இலக்கியமும் படித்தவர். அவருடைய எண்ணங்களை ஆடையாக்கும் பொறுப்பு அவர் தொடங்கிய கோம் தெ கார்சோன் நிறுவனத்தின் வெட்டுக்காரர்களுடையது; கசக்கிய காகிதம் ஒன்றைக் கொடுத்து, இதுபோல் ஓர் ஆடை வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. 1988இல் பெல்ஜிய வடிவமைப்பாளர் மார்ட்டின் மார்ஜியேலா, ஜெனி மெயிரன்ஸுடன் சேர்ந்து தம் நிறுவனத்தைத் தொடங்கி, கோட்டின் உள்ளே மறைந்திருந்த லைனிங்கையும் தையல் விளிம்பையும் வெளியே கொண்டுவந்தார். கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவரால்தான் அதை வெளியே திருப்ப முடியும்.

இனி, கடையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

கோட்டை மாட்டியதும் நான் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. பொத்தானைப் போடாமல், கைகளைத் தொங்கவிட்டு நின்று, எடை எங்கே இறங்குகிறது என்று கவனிக்கிறேன். நன்றாக வெட்டப்பட்ட கோட்டு எத்தனை அகலமாக இருந்தாலும் அதன் எடை பின்கழுத்திலும் கழுத்தை ஒட்டிய தோளின் உட்பகுதியிலும் இறங்கும். காலர் சட்டைக் காலரை விட்டு விலகாமல் ஒட்டி நிற்கும். சரியாக வெட்டப்படாத அகன்ற கோட்டில் எடை தோளின் வெளிமுனையில் தொங்கும், காலர் பின்னால் வழுக்கிக்கொண்டே போகும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை முன்னால் இழுத்துவிட வேண்டியிருக்கும். இரண்டும் பெரிய அளவுக் கோட்டுகள்தான். ஆனால் முதலாவது வேண்டுமென்றே பெரிதாக வெட்டப்பட்டது, இரண்டாவது உங்களுக்குப் பெரிதாகிப்போனது. பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்டுகொள்வார்கள். 'யாருடைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாய்?' என்ற கேலி இரண்டாவது வகைக்கே கிடைக்கும்.

என்னிடம் உள்ள, கேபர்டின் என்னும் நெருக்கி நெய்த துணியாலான கறுப்புக் கோட்டு ஒன்றை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அதில் தோள் தையல் எலும்பைத் தாண்டி நான்கு விரற்கடை கீழே விழுகிறது, திண்டு கிடையாது. முன்பக்கத்தின் மேல் பொத்தான் வழக்கமான இடத்தைவிட நன்றாகக் கீழே, ஏறக்குறைய தொப்புளுக்கு அருகில் இருக்கிறது. அதனால் காலரிலிருந்து மார்பில் இறங்கும் மடிப்பு நீண்டு, தட்டையாக மடியாமல் உருண்டு இறங்குகிறது. உள்ளே தடவிப் பார்த்தால் மார்பின் மேற்பகுதியில் மட்டும் கோட்டுக்கு வடிவம் தரும் கேன்வாஸ் என்ற உள்துணியின் மெல்லிய துண்டு தட்டுப்படுகிறது. அதற்குக் கீழே துணி தன்னிச்சையாக விடப்பட்டிருக்கிறது. நிற்கும்போது இது சற்றே சோர்ந்த கோட்டாகத் தெரியும். நடக்கத் தொடங்கினால் மேற்பகுதி அசையாமல் நிற்க, கீழ்ப்பகுதி மட்டும் காலடிக்கு ஒரு கணம் பிந்தி வீசுகிறது. இந்த வீச்சுக்காகத்தான் அதை வாங்கினேன். கண்ணாடிமுன் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. ஆகவே கடையில் நடங்கள். இடம் போதவில்லை என்றால் வாசல் வரை போய்வரக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

அடுத்து, கையை உயர்த்திப் பாருங்கள், நாற்காலியில் உட்காருங்கள், தோள்பையை மாட்டிப் பாருங்கள். கைக்குழி, அதாவது கை பொருத்தப்படும் துளை, தாழ்வாக இருந்தால் கை தாராளமாக அசையும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேரெதிரானது. கைக்குழி உடம்பை விட்டுத் தாழ்ந்திருந்தால், கையைத் தூக்கும்போது கையோடு சேர்ந்து கோட்டின் பக்கவாட்டு முழுவதும் மேலே வரும். உயரமாகவும் சிறிதாகவும் வெட்டிய கைக்குழியில் கோட்டு இருந்த இடத்தில் இருக்கக் கை மட்டும் உயரும். ரிக் ஓவன்ஸின் கோட்டுகள் முதலில் அக்குளை இறுக்கிப் பிடிப்பதாகத் தோன்றினாலும் நாள் முழுவதும் உடுத்த வசதியாக இருப்பதற்கு இதுவே காரணம். யமமோட்டோவின் அகன்ற கோட்டுகளில் கைக்குழி தாழ்ந்திருந்தாலும், துணியின் தாராளத்தால் அந்தக் குறை பெருமளவு ஈடுகட்டப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, உடம்பு ஒட்டிய வெட்டில் கைக்குழியை மட்டும் தாழ்த்தி வைத்திருக்கும் கோட்டைப் பார்த்தால் திரும்ப மாட்டிவைத்துவிடுங்கள்.

அளவு எண்களை நம்பி வாங்குவது இந்த உலகில் நடக்காது. இத்தாலிய எண் ஓரளவு பொருளுள்ளது. 48 என்றால் மார்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர் உள்ளவருக்கு என்று கணக்கு. ஆனால் யமமோட்டோ 1, 2, 3, 4 என்று எண்ணிடுகிறார். கோம் தெ கார்சோன் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற எழுத்துகளில் சொல்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் தாம் பிரவுனுக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் தனி வரிசை. மேலும், அந்த எண் உடம்பின் அளவைச் சொல்கிறதே தவிர, ஆடையின் அளவைச் சொல்வதில்லை. மார்பு 96 சென்டிமீட்டர் உள்ளவருக்கு வழக்கமான கோட்டை விரித்துவைத்து அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்தால் 52 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அவருக்கென்றே வெட்டப்பட்ட அகன்ற கோட்டில் அது 60ஐத் தாண்டலாம். அப்படிப்பட்ட கோட்டு தொளதொளவென்று இருக்கிறதே என்று ஓர் அளவு குறைத்து வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. குறைத்தால் மார்பு மட்டும் குறையாது. தோளின் சரிவும், பொத்தானின் இடமும், முதுகின் நீளமும் சேர்ந்து மாறும். வெட்டியவர் நினைத்த வீச்சும் போய், வழக்கமான பொருத்தமும் கிடைக்காமல் இரண்டும் கெட்டானாக நிற்கும். அகலம் பிடிக்கவில்லை என்றால் வேறு வடிவமைப்பாளரிடம் போவதே சரி.

இணையத்தில் வாங்குவோருக்கு அளவுநாடா இல்லாமல் வேலை ஆகாது. உங்களிடம் இருப்பவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த கோட்டை மேசையில் விரித்து, பொத்தானைப் போட்டு, மார்பு, முதுகு நீளம், தோள், கை ஆகிய நான்கையும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் தரும் அளவுகளை உடம்போடு ஒப்பிடாமல் இந்தக் கோட்டோடு ஒப்பிடுங்கள். தோள் தையல் இறங்கிய கோட்டுகளில் தோளையும் கையையும் தனித்தனியே அளப்பது பயனற்றது. தோள் 52 சென்டிமீட்டர், கை 57 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால் ஒருவர் தோளைப் பார்த்துப் பயப்படுவார், இன்னொருவர் கை குட்டை என்று நினைப்பார், இரண்டுமே தவறு. பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாகக் கைவிளிம்பு வரை ஒரே நீளமாக அளந்து தரச் சொல்லிக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். துணியை இழுத்துப் பிடித்து அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூட்டிச் சொல்லும் விற்பனையாளர்களையும் சந்தித்திருக்கிறேன். அதனால் நாடா வைத்து எடுத்த படத்தையே கேட்பது என் வழக்கம்.

முதல்முறை வாங்குவோர் பயன்படுத்திய ஆடைகளில் தொடங்குவது நல்லது என்பேன். விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, இந்த வடிவமைப்பாளர்களின் நல்ல காலத்து வேலை பல இன்று பழைய சரக்கில்தான் கிடைக்கிறது. ஆஸ்திரிய வடிவமைப்பாளர் ஹெல்முட் லாங் 2005இல் தம் நிறுவனத்தை விட்டு விலகினார். மார்ஜியேலா 2009இல் விலகினார். பெல்ஜிய வடிவமைப்பாளர் ஆன் டெமுலமீஸ்டர் 2013இல் விலகினார். மூவரின் பெயரிலும் இன்றும் ஆடைகள் வருகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அவரவர் கையிலிருந்து வந்ததை விரும்புகிறவர் ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். கோம் தெ கார்சோன் இதற்கு வழிசெய்திருக்கிறது: உள்ளே உள்ள சலவைக் குறிப்புத் துணியில் ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது தயாரித்த ஆண்டைக் குறிப்பதால், 2009 வசந்தகாலத் தொகுப்பைச் சேர்ந்த ஆடையில் 2008 என்று இருக்கக் காணலாம். அதைப் பார்த்துப் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மார்ஜியேலாவில் 0 முதல் 23 வரை எண்கள் அச்சிட்ட வெள்ளைத் துணியில் ஏதேனும் ஓர் எண் வட்டமிடப்பட்டிருக்கும். 10 என்பது ஆண்களுக்கான தொகுப்பு; 14 என்பது பருவந்தோறும் மாறாத, ஆண்களுக்கான அடிப்படை ஆடைகள். அமைதியான, ஆனால் வெட்டு பிசகாத கோட்டு வேண்டுவோர் 14ஐத் தேடலாம்.

மார்ஜியேலா ஆடைகளில் உள்ளே உள்ள அந்த வெள்ளைத் துணியைப் பிடித்திருக்கும், வெளிப்பக்கம் தெரியும் நான்கு வெள்ளைத் தையலைப் பிரிப்பதா வைத்துக்கொள்வதா என்பது தீராத வழக்கு. பெயரில்லாத அந்த வெள்ளைத் துணியை எளிதாகப் பிரித்தெடுக்கலாம் என்பதற்காகத்தான் நான்கு மூலையில் மட்டும் ஓட்டுத் தையல் போடப்பட்டது. பெயரை மறைக்க வந்த ஏற்பாடு, அறிந்தவர்களுக்குப் பெயரை அறிவிக்கும் அடையாளமாகிவிட்டது வேறு கதை. நான் பிரித்துவிடுவேன்.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே கேன்வாஸும் திண்டும் குறைந்த கோட்டுகளில் துணியே எலும்புக்கூடாகவும் இருக்கிறது. யமமோட்டோவின் கம்பளி கேபர்டின் இதற்கு நல்ல சான்று. சாய்ந்த கோடுகளாக நெருக்கி நெய்யப்பட்ட அந்தத் துணிக்குத் தன் எடையாலேயே நேராக விழும் குணம் உண்டு; கசங்கினாலும் ஓர் இரவு தொங்கவிட்டால் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். இதே வெட்டை மெல்லிய கோடைக் கம்பளியில் தைத்தால் காற்றில் பறக்குமே தவிர வீசாது. எல்லாப் பருவத்துக்குமான சூட்டுத் துணி மீட்டருக்கு 240 முதல் 280 கிராம் வரை எடையுள்ளது என்றால், அகன்ற கோட்டுக்கு அதைவிடக் கனமான துணியே பொருத்தம் என்பது என் கணிப்பு. வெப்பம் மிகுந்த இடத்தில் இருப்பவர்கள் கம்பளியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. முழு லைனிங் இல்லாத, முறுக்கேறிய நூலில் தளர்வாக நெய்த கம்பளி, லைனிங் வைத்துத் தைத்த பருத்தியைவிடக் காற்றோட்டமானது. வியர்வையைத் தேக்குவது பெரும்பாலும் பாலியெஸ்டர் லைனிங்தான். லைனிங் பருத்தி இழையிலிருந்து செய்யப்படும் கியூப்ராவாக இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாலியெஸ்டர் என்றாலே மட்டம் என்று தள்ளிவிடவும் கூடாது. கோம் தெ கார்சோனின் ஆண்கள் தொகுப்பான ஓம் ப்ளூவில் (Homme Plus) முழுக்கப் பாலியெஸ்டரில் தைத்துப் பின்னர் சுருக்கிய கோட்டுகள் வருவதுண்டு; சூட்டால் நிலைப்படுத்திய அந்தச் சுருக்கம் கம்பளியில் நிற்காது, பாலியெஸ்டரில்தான் நிற்கும். பயணத்துக்குப் பெட்டியில் சுருட்டிவைத்துக்கொண்டு போக அதைவிட வசதியான கோட்டு எனக்குக் கிடைத்ததில்லை. தைத்த பின் முழு ஆடையாகச் சாயமேற்றும் முறையும் இப்படித்தான். சாயத்தொட்டியில் துணி சுருங்கும்போது தையல் சுருங்காததால் தையலோரமெல்லாம் சிறு சுருக்கங்கள் விழும். அவைதான் அந்த ஆடைக்கு அழகு. இஸ்திரி போட்டு அவற்றைத் தட்டையாக்கிவிடும் சலவைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

கோட்டின் முன்பகுதி கேன்வாஸ் வைத்துத் தைத்ததா, பசையால் ஒட்டியதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கடைசி காஜாவுக்குச் சற்றுக் கீழே வெளித்துணியை ஒரு கையாலும் உள்துணியை மறு கையாலும் மெல்லக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் கேன்வாஸ் அதுவரை வந்திருக்கிறது; வெளித்துணியோடு சேர்ந்து விறைத்து நின்றால் ஒட்டியது. ஒட்டியது மோசம் என்று நான் சொல்லமாட்டேன், மெல்லிய நல்ல ஒட்டுத்துணி நீண்ட காலம் உழைக்கும். ஆனால் பழைய சரக்கு வாங்கும்போது மார்பு மடிப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கொப்புளம்போல் துணி மேலெழும்பியிருந்தால் பசை விட்டுவிட்டது. அதைத் திருத்த வழியில்லை.

பிரித்துத் தைப்பதில் இந்த ஆடைகள் வழக்கமானவற்றைவிடப் பிடிவாதமானவை. எந்தக் கோட்டிலும் தோளைக் குறைப்பதும் முதுகு நீளத்தை மாற்றுவதும் கைக்குழியைத் திருத்துவதும் வேண்டாத வேலை. பையின் இடமும் பொத்தானின் இடமும் விகிதம் தப்பிவிடும். வழக்கமாக எளிதாகச் செய்யக்கூடிய கைநீளக் குறைப்புகூட இங்கே சிக்கலாகலாம். கைவிளிம்பில் உண்மையான காஜா திறந்திருந்தால் கீழேயிருந்து குறைக்க முடியாது. மேலே தோளில் கையைக் கழற்றித்தான் குறைக்க வேண்டும். கையும் உடம்பும் ஒரே துண்டாக வெட்டப்பட்டிருந்தால் கழற்றுவதற்கு அங்கே தையலே இருக்காது. மேலும், ரிக் ஓவன்ஸின் கை நீளமாக இருப்பது முன்கையில் சுருக்கிவிட்டுக்கொள்வதற்காக. அதை மணிக்கட்டு அளவுக்கு வெட்டிவிட்டால், மிகக் குறுகிய கையுள்ள சாதாரணக் கோட்டுதான் மிஞ்சும்.

சாயமேற்றிய ஆடையின் ஓரத்தைப் பிரிக்கும்போது இன்னொரு சிக்கல் தலைகாட்டும். என் காற்சட்டை ஒன்றின் ஓரத்தைத் தையற்காரர் பிரித்தபோது, மடிப்பின் உள்ளே இருந்த துணி வெளியே இருந்ததைவிட ஒரு படி கருமையாக இருந்தது. மடிப்பின் விளிம்பிலோ சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஓடியது. காற்சட்டையைக் குட்டையாக்குவதாக இருந்தால் அந்தக் கோடு உள்ளே போய்விடும், கவலையில்லை. நீளமாக்கினால் அது கணுக்காலுக்கு மேலே நிரந்தரமாகத் தெரியும். நூலும் அப்படியே: பருத்தி நூலால் தைத்திருந்தால் துணியோடு சேர்ந்து அதுவும் சாயம் ஏற்றிருக்கும், பாலியெஸ்டர் நூல் அதே தொட்டியில் சாயம் ஏற்காமல் வெளிறி நின்றிருக்கும். திருத்தும்போது வெறும் கறுப்பு நூலைப் போட்டுவிட்டால் அந்த இடம் மட்டும் கண்ணை உறுத்தும். ஆகவே தையற்காரரிடம் ஆடையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், பக்கத்தில் நின்று, எந்த நூல், எந்த ஓரம், எந்தச் சுருக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று காட்டிப் பேசுங்கள். மடிக்காமல் விட்ட விளிம்பைப் பார்த்து, 'தம்பி, இது பிய்ந்திருக்கிறது, மடித்துத் தைத்துவிடட்டுமா?' என்று அன்போடு கேட்கிற மூத்த தையற்காரர் தம் தொழிலைச் சரியாகத்தான் செய்கிறார். அவரிடம் ஆடையை உள்ளும் புறமும் திருப்பிக் காட்டினால் பெரும்பாலும் உங்களைவிட அவரே அதை நன்றாகப் புரிந்துகொள்வார். நான் பல கோட்டுகளின் வெட்டை அப்படித்தான் கற்றேன்.

புதிதாக வாங்கிய கோட்டில் முதுகுப் பிளவிலும் வெளிப்பைகளிலும் போட்டிருக்கும் தற்காலிகத் தையலைப் பிரிக்க வேண்டுமா என்ற ஐயமும் வரும். பிளவை இணைக்கும் பெருக்கல் குறித் தையலைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள். பைகளைப் பிரிக்காமல் விட்டால் முன்பகுதி தொய்யாமல் இருக்கும். எனக்குப் பைகள் தேவை, பிரித்துவிடுவேன்.

உடுத்துவதைப் பொறுத்தவரை, விசித்திரமான ஒன்றோடு மற்றவை எல்லாம் சாதாரணமாக இருக்கட்டும் என்ற அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. யமமோட்டோவின் அகன்ற கோட்டைக் காலை ஒட்டிய ஜீன்ஸோடு போட்டால் மேலே கூடாரமும் கீழே குச்சியுமாக நிற்கும். அதன் வீச்சுக்கு அகன்ற, இடுப்பில் பிளீட் என்னும் மடிப்பு வைத்த காற்சட்டைதான் துணை. ஆக, பார்க்க வேண்டியது எத்தனை பொருள் விசித்திரம் என்பதை அல்ல, மேலும் கீழும் ஒரே வகை வெட்டில் பேசுகின்றனவா என்பதை. இதனால்தான் இந்த வழியில் இறங்குகிறவர்களைக் கோட்டுக்கு முன் காற்சட்டை வாங்கச் சொல்கிறேன். இடுப்பு உயர்ந்து, தொடையில் தாராளமாகி, கணுக்காலை நோக்கிக் குறுகும் காற்சட்டை ஒன்றைச் சாதாரணச் சட்டையோடு சில வாரங்கள் உடுத்தினால், அகன்ற துணியோடு நடக்கவும் உட்காரவும் உடம்பு தானாகப் பழகிவிடும். நகரும் படிக்கட்டில் கால் விளிம்பு மாட்டாமல் பார்த்துக்கொள்வது, மழையில் ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடிப்பது போன்ற சின்னச் சின்ன வழக்கங்களும் அதற்குள் வந்துவிடும். அகன்ற காற்சட்டைக்குக் காலணி கனமாக இருக்க வேண்டும்; மெல்லிய அடிப்பாகமுள்ள காலணி துணிக்குள் மறைந்து, பாதமே இல்லாதவர்போல் காட்டும்.

அலுவலகத்துக்கு உடுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கறுப்பிலோ அடர்நீலத்திலோ இருந்தால் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக உடுத்தலாம் என்பதே. மக்கள் நிறத்தையும் பளபளப்பையும்தான் முதலில் பார்க்கிறார்கள். வெட்டைக் கவனிப்பவர்கள் குறைவு. ஒரு பக்கம் தாழ்ந்த விளிம்புள்ள கறுப்புக் கோட்டோடு முழு நாள் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நீளக்கைக் கோட்டு மட்டும் வேலைக்கு ஆகாது. தட்டச்சு செய்யும்போது விளிம்பு மேசையில் உராய்ந்து பளபளக்கத் தொடங்கும், கைகழுவும்போது நனையும், சாப்பிடும்போது குழம்பில் தோயும். அதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். கனமான தோள்பையும் வேண்டாம். திண்டில்லாத தோளை அது ஒரு பக்கமாக இழுத்து, நாளடைவில் அந்த இடத்தைத் தேய்த்துவிடும். கைப்பிடியுள்ள பைக்கு மாறிவிடுங்கள்.

பராமரிப்புக்கு அதிகம் செய்ய வேண்டியதில்லை; குறைவாகச் செய்வதே நல்லது. உடுத்தியபின் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, அகன்ற தோளுள்ள மரத் தொங்கியில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். மறுநாளே அதை உடுத்தாதீர்கள். டிரை கிளீனிங்குக்குப் பருவத்துக்கு ஒரு முறை கொடுத்தாலே மிகுதி. கறுப்புக் கம்பளியை நேரடியாக இஸ்திரி போட்டால் பளபளப்பு ஏறிவிடும் என்பதால், ஈரத்துணியை மேலே போட்டோ ஆவியாலோ மட்டும் நீவுங்கள். மார்பு மடிப்பை ஒருபோதும் அழுத்தி மடிக்க வேண்டாம், உருண்டு விழுந்த துணி அதன்பின் உருளாது. பூச்சியைப் பொறுத்தவரை, கம்பளியை அரிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் கறையும் படிந்த இடங்களை அது விரும்பும். அதனால் பருவம் முடிந்து பெட்டியில் வைக்கும் முன் ஆடை சுத்தமாக இருக்க வேண்டும். பழைய சரக்காக வாங்கிய கம்பளி ஆடையை அலமாரிக்குள் விடுமுன், காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் 2 வாரம் வைத்து எடுக்கிறேன். எடுத்தவுடன் பையைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்தால் துணியில் நீர் கோக்காது.

ஆடையோடு வரும் மாற்றுப் பொத்தான், மாதிரித் துணித்துண்டு, விலைச்சீட்டு ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு, வாங்கிய ஆண்டையும் விரித்தளந்த நான்கு அளவுகளையும் அதன்மேல் எழுதிவையுங்கள். தேய்ந்த இடத்தை நெய்து ஒட்டுவதற்கு அந்தத் துணித்துண்டின் நூலே உதவும். உடம்பு மாறி அந்தக் கோட்டு பொருந்தாமல் போனால், அடுத்து வாங்குபவருக்கு அந்த உறையையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.